பனிச்சறுக்குக்கு எந்த ஊர்?

ஜப்பானில் பனிச்சறுக்கு என்றதும் பலரும் ஹொக்கைடோவின் நிசெகோவையே நாடுகின்றனர். சைபீரியக் காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிவந்து கொட்டும் அப்பனியின் தரத்தில் குறையில்லை. ஆனால், அவுஸ்திரேலியர்களும் வெளிநாட்டு முதலீடும் குவிந்துவிட்ட அவ்வூரில் ஜப்பானைத் தேடவேண்டியிருக்கிறது. விலையோ மலையிலும் உயரம்.

எனது தெரிவு, நாகனோ மாநிலத்தின் நொசாவா ஒன்சென். 2015 இல் இயாமாவுக்கு ஷின்கான்சென் வந்தபின் தோக்கியோவிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேர ரயில் பயணம், அப்பால் பஸ். அங்குள்ள 13 பொது வெந்நீர்க் குளிப்பிடங்களை ஊரவரே பராமரிக்கின்றனர். கட்டணமில்லை, உண்டியலில் இயன்றதை இடலாம். (ஆடையின்றிக் குளிக்கவேண்டும் என்பது நம்மவர்களுக்குச் சங்கடந்தான்.) பெரிய ஹோட்டலைத் தவிர்த்துக் குடும்பத்தினர் நடத்தும் விடுதியில் தங்கினால், நாம் கொடுக்கும் பணம் அவ்வூரிலேயே தங்கும். இயலுமாயின், ஜனவரி 15 இரவு நடைபெறும் தோசோஜின் தீ விழாவையும் காணுமாறு பயணத் திகதியை வகுத்துக்கொள்ளுங்கள்.