வளர்ந்ததா, விளைந்ததா?

உத்திரமேரூர்ப் பக்கம் ஆடு வளர்ப்போம், மாடு வளர்ப்போம், தென்னம்பிள்ளை வளர்ப்போம், பேரப்பிள்ளையை வளர்ப்போம். நெல்லை மட்டும் யாரும் வளர்ப்பதில்லை. "நவரைப் பட்டத்துக்கு என்ன நட்டிருக்கே?" என்று கேட்பார்கள். "குண்டு நெல் வச்சிருக்கேன்" என்று பதில் வரும். அறுப்பு முடிந்ததும் கேள்வி மாறிவிடும்: "எப்படி விளைஞ்சுது?" வளர்வது ஒன்று, விளைவது வேறு. இது இங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் தெரியும்.

பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் தினமும் அடிபடும் 'குரோத்' என்ற ஆங்கிலச் சொல் இந்த இரண்டையும் ஒரே கூடையில் போட்டுக்கொள்கிறது. நாற்று உயர்வதும் குரோத், கம்பெனியின் லாபம் கூடுவதும் குரோத், உடம்பில் முளைக்கும் கட்டியும் குரோத். விளைச்சலுக்கு 'ஈல்டு' என்று ஆங்கிலத்தில் தனிச்சொல் உண்டு. ஆனால் நாட்டின் கணக்கைப் பேசும்போது அதை யாரும் எடுப்பதில்லை.

குரோத் என்ற சொல்லும் வயலில் பிறந்ததுதான். பழைய ஆங்கிலத்தில் 'குரோவன்' என்றால் செடி தழைப்பது. பச்சையைச் சொல்லும் 'கிரீன்', புல்லைச் சொல்லும் 'கிராஸ்' இரண்டும் அதே வேரிலிருந்து வந்தவை. மனிதர், விலங்கு, நிலா ஆகியவை பெரிதாவதற்கு அப்போது 'வாக்ஸ்' என்ற சொல்லே அதிகம் வழங்கியது. வளர்பிறையைச் சொல்ல அதை இன்றும் வைத்திருக்கிறார்கள். காலப்போக்கில் செடியின் சொல் மனிதருக்கும் ஆயிற்று. தானாக வளர்வதை மட்டும் சொன்ன வினை, 18ஆம் நூற்றாண்டில் பயிர் செய்வதையும் சொல்லத் தொடங்கியது. 1992 அமெரிக்கத் தேர்தலில் கிளின்டன் தரப்பு பொருளாதாரத்தையே 'குரோ' பண்ணுவோம் என்று ஊர் ஊராகப் பேசிய பிறகு, எதை வேண்டுமானாலும் அப்படிச் சொல்லலாம் என்றாகிவிட்டது. செடியிடமிருந்து சொல்லை வாங்கினார்கள், சரி. செடி எப்போது நிறுத்திக்கொள்கிறது என்பதையும் சேர்த்து வாங்கியிருக்கலாம்.

நட்ட நாற்று ஒரு வாரத்தில் பச்சை பிடிக்கும். அப்புறம் தூர் கட்டும், தண்டு உருளும், சூல் கொள்ளும். கதிர் வெளியே வந்து பூத்துவிட்டால் அதற்குமேல் உயரம் கிடையாது. இலையும் தண்டும் சேர்த்துவைத்ததெல்லாம் மணிக்குள் இறங்கும். பால் பிடிக்கும், முற்றும், தலை சாயும். உயர்ந்துகொண்டே போகிற நெற்பயிர் நல்ல பயிர் என்று எந்தக் குடியானவரும் சொல்லமாட்டார்.

ஜப்பானில் அப்படி ஒரு நோயே உண்டு. நாற்றங்காலில் சில நாற்றுகள் மற்றவற்றைவிட வெளிறி, மெலிந்து, சரசரவென்று உயரும். பிறகு கதிர் வைக்காமலே செத்துப்போகும். அங்குள்ள விவசாயிகள் அதை 'முட்டாள் நாற்று' என்றார்கள். 1926-ல் குரோசாவா என்ற ஆய்வாளர், ஒரு பூஞ்சை சுரக்கும் பொருள்தான் நாற்றை இப்படி இழுத்துவிடுகிறது என்று கண்டார். அந்தப் பொருளுக்கு ஜிப்ரலின் என்று பெயர் வைத்தார்கள். நெல்லும் அதைத் தானே அளவோடு சுரந்துதான் வளர்கிறது.

இதற்கு நேர் எதிரான கதை பிலிப்பைன்ஸில் நடந்தது. அங்குள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இந்தோனேசியாவின் 'பேட்டா' என்ற உயர ரகத்தையும் தைவானின் ஒரு குட்டை ரகத்தையும் சேர்த்து, 1966-ல் ஐ.ஆர். 8 நெல்லை வெளியிட்டது. ஐந்தடி நெல் மூன்றடி சொச்சத்துக்கு இறங்கியது. பழைய உயர ரகங்களில் பயிரின் மொத்த எடையில் மணியின் பங்கு மூன்றில் ஒன்றுகூட வராது. குட்டை ரகத்தில் அது பாதியானது. உரம் போட்டாலும் சாயாத தண்டு, அதனால் நிறைந்த கதிர். அந்தக் குட்டைத்தனத்தின் காரணம் 2002-ல்தான் தெரியவந்தது. ஜிப்ரலின் சுரப்பதற்கான ஒரு மரபணு அந்த ரகத்தில் பழுதுபட்டிருந்தது. கூடுதலாகப் போனால் முட்டாள் நாற்றாக்குகிற அதே பொருள், குறைந்ததால் ஆசியாவின் பசி தணிந்தது. நெல்லைப் பற்றி நான் படித்ததில் என்னை இதுபோல் நிறுத்திவைத்த செய்தி வேறில்லை.

இதில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. ஐ.ஆர். 8 சோறு வாய்க்கு ருசிக்கவில்லை, பூச்சியும் தாக்கியது. 1969-ல் வந்த ஐ.ஆர். 20 தமிழ்நாட்டில் ஊன்றி நின்றது. அதன் பெற்றோரில் ஒன்று டி.கே.எம். 6. அந்த மூன்றெழுத்து, பழைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூர்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கும். தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் அங்கிருந்துதான் போனது. வைக்கோல் குறைந்தது என்ற மனக்குறை மாடு வைத்திருந்தவர்களுக்கு இருந்தது. அது நியாயமான குறைதான். உயர நெல்லின் தாள் கூரைக்கும் ஆனது, மாட்டுக்கும் ஆனது.

போன நவரையில் மானாம்பதிப் பக்கம் சித்தப்பா கழனிக்குப் போயிருந்தேன். அவர் பயிருக்கும் பக்கத்துக் கழனிக்கும் இடையில் ஒரு வரப்புதான். பக்கத்துப் பயிர் கருகருவென்று, இரண்டு விரற்கடை கூடவே நின்றது. அழகாயிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னப்பா, அதையே பாக்கறே?"

"நல்லா வந்திருக்கே சித்தப்பா."

"யூரியா வளத்தி. மடக்கிப் பாரு."

இலையைத் தொட்டால் சொதசொதவென்று மடங்கியது. தூரைப் பிரித்துக் காட்டினார். அடித்தண்டில் பழுப்பாகப் புகையான் பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. "ஒரு மழை காத்து வந்தா படுத்துடும்" என்றார். அவர் சட்டைப்பையில் இலை வண்ண அட்டை இருந்தது. வேளாண்மைத் துறைக்காரர்கள் தந்தது. பச்சையில் வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை பட்டைகள். இலையை அதன்மேல் வைத்துப் பார்த்து, அளவுக்குக் கீழே வெளிறினால்தான் யூரியா. அளவோடு இருந்தால் மூட்டையைத் தொடக்கூடாது. போதும் என்று சொல்ல ஒரு கருவி! மாவட்டத்துக்கும் இப்படி ஒரு அட்டை வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

காஞ்சிபுரம் மாவட்டம் வளர்ந்திருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. விடிவதற்குள் கம்பெனி பஸ் கிராமத்து முனைக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போகிறது. கையில் சொந்தச் சம்பளம் வாங்கும் பெண்பிள்ளைகளை என் அம்மா காலத்தில் இந்த ஊர்கள் பார்த்ததில்லை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கி உலகத்துக்கே செல்போன் அனுப்பிய நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. வளர்ந்த வேகத்தில் குறையே சொல்ல முடியாது. இருபது இருபத்திரண்டு வயதில் வேலையிழந்து ஊர் திரும்பியவர்களிடம் என்ன விளைந்தது என்று கேட்டால்தான் கணக்கு வேறாக வரும். வளர்ச்சி விகிதம் என்ற ஒற்றை எண்ணில் அந்தப் பிள்ளைகள் அகப்படமாட்டார்கள்.

விளைந்ததைக் கேட்கும் வழக்கம் உத்திரமேரூருக்குப் புதிதல்ல. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறையைச் சொல்லும், இங்குள்ள முதல் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு என்றால் எல்லோரும் தேர்தலைத்தான் பேசுவார்கள். எனக்கு அதைவிட அதிலுள்ள கணக்கு விதி முக்கியம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் இடக்கூடாது. ஏரி வாரியத்தாரும் இதற்குள் அடக்கம், பொறுப்பு 360 நாள்தான். நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமணருக்கு மட்டுமே திறந்திருந்த சபை அது. ஏரியில் இறங்கி மண் சுமந்தவர்களுக்கு அங்கே இடமில்லை. அந்தக் குறையைச் சொல்லாமல் அந்தக் கல்லைப் புகழ எனக்கு விருப்பமில்லை.

இப்போது கிராம சபையில் எல்லோரும் உட்காரலாம். அங்கே வாசிக்கப்படுவது பெரும்பாலும் செலவுக் கணக்கு: இத்தனை மீட்டர் கால்வாய், இத்தனை லட்சம். அடுத்த ஆகஸ்ட் 15 கூட்டத்தில் நான் எழுந்து கேட்கப்போவது இதுதான்: தூர்வாரிய பிறகு கடைமடையில் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் ஏறியது, அதில் சொர்ணவாரிப் பட்டம் எத்தனை மூட்டை கண்டது? சித்தப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.