விருந்தாய் வரும் வாரிசுகள்

சித்திரை பிறந்து பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதும், காவிரிப் பாசனக் கிராமங்களில் பூட்டிக் கிடந்த மாடியறைகள் திறக்கப்படுகின்றன. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகள் குடும்பத்துடன் வந்து சேருகிறார்கள். நுங்கும் இளநீரும் வெட்டப்படுகின்றன. வீட்டு அம்மாளுக்கோ அடுப்படியை விட்டு வெளிவர நேரமில்லை. பத்து நாட்கள் இவ்வாறு கழிந்ததும், ஆளுக்கொரு மூட்டை அரிசியையும் ஒரு ஜாடி மாவடுவையும் ஏற்றிக்கொண்டு அவர்கள் புறப்பட்டுவிடுகிறார்கள். இவ்வுபசாரத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆயினும், நாளை இந்நிலத்திற்கு உடையவர்களாகப் போகிறவர்களை நாம் விருந்தினராகவே வைத்திருந்து, விருந்தினராகவே அனுப்பிவிடுகிறோம் என்பதைச் சொல்லாதிருக்க முடியவில்லை.

என் வீட்டில் நடந்ததையே கூறுகிறேன். சென்ற கோடையில் பம்புசெட்டில் குளித்துவிட்டு வந்த பேரன், "தாத்தா, நம் வயல் எதுவரையில் இருக்கிறது?" என்று கேட்டான். நான் வாய் திறக்கு முன் அவன் தகப்பன் கையை நீட்டிக் காட்டினான். காட்டிய இடத்தில் பாதி எங்கள் பங்காளியுடையது. வாய்க்காலுக்குத் தெற்கே எங்களுக்குள்ள இரண்டு மாவையோ அவன் காட்டவேயில்லை. கணக்கில் கெட்டிக்காரனென்று பெயரெடுத்த பிள்ளை அவன்! பிழை அவனுடையதன்று. வெயிலில் அலைய வேண்டாமென்று அவனைத் திண்ணையில் உட்கார்த்தி வைத்தவன் நானே.

மறுநாள் விடியற்காலையில் மகன், மகள், மருமகள், பேரக் குழந்தைகள் யாவரையும் அழைத்துக்கொண்டு எல்லை சுற்றினேன். இதற்குக் கோடையைப் போன்ற காலம் வேறில்லை. உளுந்தும் பயறும் பிடுங்கியபின் தரை வெறுமையாய்க் கிடக்கும்; புல் காய்ந்து வரப்புகள் தெளிவாய்த் தெரியும். குறுவைக்குத் தண்ணீர் வந்து உழவு தொடங்கிவிட்டால் சேற்றில் எதையும் தேட இயலாது. எங்கள் புலங்களில் இரண்டு சர்வே கற்களைக் காணோம். மற்றொன்று மண்ணில் புதைந்து தலை மட்டும் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்தவள் பேத்திதான். கற்களைப் பழுதின்றிக் காப்பது நிலமுடையவரின் கடமையென 1923-ஆம் ஆண்டின் சர்வே, எல்லைச் சட்டம் விதித்திருப்பதை நம்மில் பலர் மறந்தே போனோம்.

கல் போனால் வரப்பே எல்லையாகிறது. வரப்போ நகரும் தன்மையது. ஆண்டுதோறும் அண்டை வெட்டும்போது மண்வெட்டி ஒரு பக்கமே சற்று ஆழமாக இறங்கினால் போதும். 300 அடி நீளமுள்ள வரப்பு அரை அடி நகர்ந்தால் 150 சதுர அடி போயிற்று. நம் பக்கத்துக் குழி 144 சதுர அடி. ஆகவே ஒரு குழிக்கு மேல் கைமாறிவிட்டது. இதைச் சொன்னபோது மகன் நின்று கேட்டான். குழியும் மாவும் அவனுக்கு விளங்கவில்லை. 100 குழி ஒரு மா, அது ஏறக்குறைய 33 சென்டு, பட்டாவில் காணும் ஒரு ஹெக்டேர் சுமார் ஏழரை மா என்று வரப்பில் குச்சியால் எழுதிக் காட்டினேன்.

வயலைக் கண்டபின் பத்திரப் பெட்டியையும் திறந்தோம். என் தகப்பனார் காலமாகிப் பதினெட்டு ஆண்டுகளாகியும் ஒரு புலத்தின் பட்டா அவர் பெயரிலேயே இருப்பதை அப்பொழுதுதான் என் மக்கள் அறிந்தனர். கூட்டுறவுக் கடனுக்கும், பயிர்க் காப்பீட்டுக்கும், வெள்ள நிவாரணத்துக்கும் சிட்டாவும் அடங்கலும் கேட்கப்படுகையில் இறந்தவர் பெயர் எத்தனை இடையூறாகுமென்று நான் விவரிக்கத் தேவையில்லை. என் சோம்பலை என் மக்களுக்குச் சொத்தாக விட்டுப் போக இருந்தேன். மகள் மட்டும், "இதில் எனக்கும் கையெழுத்து உண்டல்லவா?" என்று கேட்டாள். உண்டு. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்குண்டென்று தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் சட்டம் செய்யப்பட்டது. அப்படியிருந்தும் பெண்களை அடுப்படியோடு நிறுத்திவிட்டு ஆண்மக்களுக்கு மட்டும் எல்லை காட்டும் வழக்கம் நம் வீடுகளில் நீங்கவில்லை. அதனால் விளையும் வழக்குகளை நம்மைவிட வக்கீல்கள் நன்கறிவர்.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் ஒரு வார்த்தை. பரம்பரைக் கணக்கப்பிள்ளை, பட்டாமணியம் பதவிகள் 1980-ல் நீக்கப்பட்டன. அம்முறை போனதற்கு வருந்துபவன் அல்லேன். எனினும் இன்னார் பிள்ளை இன்னார், இன்னார் பங்கு இது என்று முகம் பார்த்துச் சொல்லும் ஞாபகமும் அத்துடன் போய்விட்டது. மாற்றலாகி வரும் அலுவலருக்குக் காகிதமே சாட்சி. பசலி ஆண்டு ஜூன் மாதத்தோடு முடிவதால் ஜமாபந்தியும் பெரும்பாலும் இக்கோடையிலேயே தாலுகா தோறும் நடைபெறுகிறது. வாரிசுகள் யாவரும் ஊரில் கூடியிருப்பதும் இந்நாட்களிலேதான். வெளியூரிலிருந்து வந்த குடும்பத்தாரை "அடுத்த வாரம் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினால், அடுத்த வாரம் என்பது அடுத்த கோடையாகிவிடும். அவர்கள் ஒன்றாயிருக்கும் நாளிலேயே விசாரணையை முடித்துக் கொடுப்பது அலுவலருக்கும் பின்னால் வரும் தொல்லையைக் குறைக்கும்.

எங்கள் வாரிசு மனுவை அந்த வாரத்திலேயே கொடுத்தோம். காணாமற்போன இரண்டு கற்களுக்காக அளவை மனுவும் தந்திருக்கிறோம். சர்வேயர் வரும் நாளை இரண்டு நாட்கள் முன்னதாகத் தெரிவித்தால், கோயம்புத்தூரிலிருந்து தானே வந்து நின்று அளப்பதைப் பார்ப்பதாக மகள் சொல்லிப் போயிருக்கிறாள்.