சூளை இல்லாமல் பீங்கான் வேகுமா?

மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்ததாகச் செய்தி வந்தால் போதும், "பேட்டரி வண்டியே வேண்டாமுங்க" என்கிறார்கள் நம் பக்கம். எரிவது எது என்று கேட்பாரில்லை. லித்தியம் பேட்டரியின் இரு முனைகளுக்கும் நடுவில் இருப்பது சட்டென்று தீப்பற்றும் திரவம். அதற்குப் பதில், லித்தியம் அயனிகளை உள்ளே ஓடவிடும் பீங்கான் வில்லையை வைத்தால் அந்தப் பயம் பெருமளவு குறையும்.

அப்படியொரு பீங்கானை 2007-ல் அறிவித்தவர்கள் மூவர்: ராமசாமி முருகன், வெங்கட்ராமன் தங்கதுரை, ஜெர்மனியின் வெர்னர் வெப்னர். மூன்றில் இரண்டு நம் பெயர்கள்! முருகன் பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் இதே ஆராய்ச்சியைத் தொடர்ந்தவர்.

சிக்கல் சூட்டில்தான். அவர்கள் அதைச் சுட்டது 1230 டிகிரியில், 36 மணி நேரம். அந்தச் சூட்டில் லித்தியம் ஆவியாகிப் பறந்துவிடும். ஈடுகட்ட முதலிலேயே கூடுதலாகச் சேர்க்க வேண்டும். எங்கப்பா தடாகம் செங்கல் சூளையில் நெருப்புப் போட்டவர். செம்மண் விவகாரத்தில் 2021-ல் சூளைகள் மூடப்படும்வரை அதுதான் எங்கள் சோறு. "சூடுதான்டா செலவு" என்பார். செங்கல்லுக்கே ஆயிரம் டிகிரி பக்கம் வேண்டும்.

2016-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளைவ் ராண்டல் குழுவினர் வேறு வழி காட்டினார்கள். பொடியில் கொஞ்சம் ஈரம், மேலே பெரும் அழுத்தம், 300 டிகிரிக்குள் சூடு. துகள்களின் ஓரம் கரைந்து, ஈரம் போகப்போக ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. மழைக்காலத்தில் ஜாடியில் கல்லுப்பு கட்டிதட்டுகிறதே, கிட்டத்தட்ட அதேதான். ஆனால் முருகன் குழுவின் பீங்கானுக்குத் தண்ணீர் ஆகாது. லித்தியம் வெளியேறி அந்த இடத்தில் ஹைட்ரஜன் புகுந்துவிடும். ஆகவே வேறு வகைப் பீங்கான்களிலும் வேறு திரவங்களிலும் முயல்கிறார்கள். வேலை இன்னும் முடியவில்லை.

முடியாத வேலை என்பதால்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன். ஆராய்ச்சி என்றால் ஐ.ஐ.டி.க்காரர்கள் சமாச்சாரம் என்றே கேட்டு வளர்ந்தவன். 1200 டிகிரி உலை கேட்டால் நமக்குக் கிடைக்காது, சரி. ஆனால் டையும் பிரஸ்ஸும்? கணபதியிலும் பீளமேட்டிலும் தெருவுக்குத் தெரு பட்டறை. சரவணம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு தானியங்கி ரயில்வே கேட்டையே வருஷா வருஷம் புராஜெக்ட்டாகச் செய்வானேன்?

உப்பிலேயே தொடங்கலாம். ஈர உப்புப் பொடியை 20 மி.மீ. டையில் போட்டு, சிவில் லேபில் கான்கிரீட் கட்டியை நசுக்கும் மெஷினில் 10 டன் கொடுத்தால், சுமார் 300 மெகாபாஸ்கல் அழுத்தம் வந்துவிடும். பிறகு எடை, அளவு, அடர்த்தி. எச்.ஓ.டி. சார் ஒரு பேட்ச்சுக்கு அனுமதி கொடுத்தால், டை கடைசல் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.