பானையைக் கழுவிப் பயன்கொள்க

தமிழ் பயில்வானுக்குக் கணிப்பொறியில் என்ன வேலையென அன்பர்கள் வினவலாம். விடுதியில் நிரலெழுதும் நண்பரொருவரோடு நிகழ்ந்த வாதமே இதனை எழுதத் தூண்டிற்று.

நிரல் பிழையற இயங்குமோ என்னும் ஐயத்தை அகற்றவே தானியங்கிச் சோதனைகள் எழுந்தன. அவற்றுள் நிரலையும் தரவுத்தளத்தையும் ஒருங்கே ஆராய்வது ஒருவகை. 2013-ஆம் ஆண்டில் டாக்கர் வெளிவந்த பின்னர், போஸ்ட்கிரெஸ் போன்ற மெய்யான தரவுத்தளத்தைக் கொள்கலனில் இட்டு, வேண்டும்போது தோற்றுவித்து, வேலை முடிந்ததும் அழித்தல் எளிதாயிற்று. டெஸ்ட்கன்டெய்னர்ஸ் என்னும் நிரற்றொகுதி இதனைத் தானே செய்கின்றது.

இனி, ஒவ்வொரு சோதனைக்கும் புதுக்கொள்கலன் வேண்டுமோ? வேண்டுமென்றார் நண்பர். முன்னைச் சோதனை விட்டுச்சென்ற பதிவு பின்னதைக் கெடுக்கும் என்பது அவர் வாதம். அஃது உண்மையே. ஆயினும், கொள்கலன் எழுந்து தரவுத்தளம் விடையிறுக்கச் சில வினாடி செல்லும். ஒன்றுக்கு 5 வினாடியெனக் கொள்ளினும், 200 சோதனைகட்கு 1,000 வினாடி, அஃதாவது பதினாறு நிமிடத்திற்கு மேல், வீணே கழியும். காத்திருந்து சலித்தவன் சோதனையையே கைவிடுவான். அதனினும் பெருங்கேடு யாதுளது?

வேளைதோறும் புதுப்பானை வாங்குவார் இலர். கழுவாப் பானையிற் சமைப்பாரும் இலர். ஆகலின், கொள்கலன் ஒன்றே ஆகுக. ஒவ்வொரு சோதனையும் தன் தொடக்கத்திலேயே அட்டவணைகளைத் துடைத்து, வேண்டிய தரவைத் தானே இடுக. இறுதியில் துடைப்போமெனின், இடையில் முறிந்த சோதனை துடையாது போம். பரிமாற்றத்தை மீளப்பெறுதலே போதுமென்பாரும் உளர். போஸ்ட்கிரெஸில் வரிசையெண்கள் அதனாற் பின்னடைவதில்லை. முதற்பதிவின் எண் 1 என நம்பிய சோதனை அங்கே தோற்கும்.

ஓட்டம் முடிந்த பின்னும் கொள்கலனை அழியாது காக்கும் வசதி மேற்கூறிய தொகுதியில் உண்டு. அஃது எழுதுவான் தன் கணிப்பொறிக்கே உரியது. பலர் நிரலும் ஒன்றுகூடும் பொதுச் சேவையகத்தில், ஓட்டந்தோறும் புதுக்கொள்கலன் கொண்டு தொடங்குதலே தக்கது.

வங்கிக் கணக்கும் மருத்துவமனைப் பதிவும் இன்று நிரல்களை நம்பி நிற்கின்றன. அந்நிரல்களைக் காக்கும் சோதனை பொய்கூறின், ஊறு எய்துவார் ஒன்றும் அறியா மக்களே. சிக்கனம் நன்று, தூய்மையோடு கூடிய சிக்கனமே நன்று என்பது என் துணிபு.