அணி யாருக்குச் சொந்தம்?

தொழில்முறை விளையாட்டில் அணி என்பது உரிமையாளரின் உடைமை. அவர் அதனை விற்கலாம். வேற்றூருக்குப் பெயர்த்தும் செல்லலாம். சட்டம் தடுக்காத அனைத்தும் அறமாகிவிடுமா என்பதே நம் வினா.

கனடாவின் வின்னிபெக் நகரில் 1972இல் தோன்றிய ஜெட்ஸ் என்னும் ஐஸ் ஹாக்கி அணியின் கதை ஈண்டு எண்ணத்தக்கது. ஆட்டக்காரர்களின் ஊதியம் அமெரிக்க டாலரில். நுழைவுச்சீட்டு வருவாயோ மதிப்புக் குன்றிய கனடிய டாலரில். அரங்கமும் பழையது. ஊரார் திரண்டு நிதி திரட்டியும் பயனின்றி, 1996இல் அணி அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகருக்குப் பெயர்ந்தது.

பாலைநிலத்திலும் நட்டம் தொடர்ந்தது. 2009இல் உரிமையாளர் திவால் மனு அளித்தார். அணியை ஹாமில்டன் நகருக்குக் கொண்டுசெல்ல விழைந்தவரின் முயற்சி நீதிமன்றத்தில் தோற்றது. தேசிய ஹாக்கி லீகே அணியை வாங்கியது. அணியைத் தக்கவைக்க, அதன் அரங்கம் அமைந்த கிளெண்டேல் நகராட்சி இரண்டு பருவங்களுக்குத் தலா 2.5 கோடி டாலர் தர இசைந்தது. 2022இல் அவ்வரங்கை நீங்கிய அணி, 5,000 பேரும் அமர இயலாத பல்கலைக்கழக அரங்கில் ஒதுங்கியது. புதிய அரங்கத் திட்டத்தை 2023இல் டெம்பி நகர வாக்காளர் நிராகரித்தனர். 2024இல், 120 கோடி டாலர் விலையில், ஆட்டக்காரர்கள் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகருக்குச் சென்றனர்.

நட்டப்பட்டவரை விற்காதே எனத் தடுப்பது நீதியன்று. வாக்காளர் மறுத்ததையும் நாம் குறைகூற மாட்டோம். இலாபத்தில் பங்கில்லாதவர் சுமையில் மட்டும் ஏன் பங்கேற்க வேண்டும்? எனினும், பொதுப்பணம் பெறும்போது ‘நம் ஊர் அணி’ என்பதும், விலைபேசும்போது ‘என் சொத்து’ என்பதும் ஒரே நாவிற்கு அழகல்ல.

இஸ்லாமியச் சட்டவியலில் ‘ஷுஃப்ஆ’ என்றோர் உரிமை உண்டு. கூட்டு நிலத்தில் தன் பங்கை ஒருவர் விற்பின், அதே விலைக்கு அதனைப் பெறும் முன்னுரிமை பங்காளிக்கு உரியது. ஹனஃபி மத்ஹபு இவ்வுரிமையை அண்டை நிலத்தாருக்கும் விரிக்கிறது. விற்பவருக்கு விலை குறைவதில்லை. உடனிருந்தவருக்கு உரிமை அழிவதில்லை. விளையாட்டு அணி நிலமன்று என்பதை அறிவோம். ஆயினும் இந்நெறியின் உட்பொருள் அணிக்கும் பொருந்தும் என்பது நம் துணிபு.

இது கனவுமன்று. 1998இல் எட்மண்டன் ஆயிலர்ஸ் அணியை ஹூஸ்டனுக்குப் பெயர்க்க ஒருவர் விலைபேசினார். உள்ளூரார் 38 பேர் கூட்டாக அதனை வாங்கினர். அணி இன்றும் அவ்வூரிலேயே ஆடுகிறது.

2011இல் வின்னிபெக் மீண்டும் ஓர் அணியைப் பெற்றது. அது அட்லாண்டாவிலிருந்து பெயர்ந்து வந்தது. ஓர் ஊரின் பெருநாள் மற்றோர் ஊரின் இழப்பாயிற்று. விலை கொடுப்பவர் மாறினரேயன்றி வழக்கம் மாறவில்லை.

ஆகவே, பொதுப்பணம் பெற்ற அணி விலைக்கு வருமாயின், கணக்குகள் ஊரார் முன் திறக்கப்படல் வேண்டும். போதிய தவணையும் முதல் வாய்ப்பும் அவர்க்கே தரப்படல் வேண்டும். அவர் இயலாதென்றால் அணி செல்லட்டும். உடைமை உரிமையாளருடையது; தலைமுறைகள் அதன்மீது வைத்த அன்போ அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தை விலைபேசும் உரிமை எவருக்கும் இல்லை.