விடுபட்டவர்களின் கணக்கு



ஆதித் திருச்சபைக்குள் எழுந்த முதல் முறுமுறுப்பு உபதேசத்தைப் பற்றியதல்ல, உணவைப் பற்றியது. நாள்தோறும் நடந்த விசாரிப்பில் கிரேக்க மொழி பேசினவர்களின் விதவைகள் விடுபட்டுப்போனதை அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அப்போஸ்தலர்கள் முறையிட்டவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரை அந்தப் பணிக்கு ஏற்படுத்தினார்கள். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. விடுபட்டவர்களின் குரலை அறிந்தவர்களிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

அமெரிக்காவின் உணவு உதவித் திட்டத்தைப் பற்றி இந்த வாரம் வாசித்தபோது இந்த அதிகாரமே என் உள்ளத்தில் நின்றது. 'ஸ்னாப்' எனப்படும் அத்திட்டத்தின் உதவியை மாதந்தோறும் ஏறத்தாழ 4 கோடிப் பேர் பெறுகிறார்கள். உதவித்தொகையை மத்திய அரசு தருகிறது; விண்ணப்பங்களை ஆராய்ந்து தகுதியைத் தீர்மானிப்பது மாநிலங்களின் பொறுப்பு. பிறர் பணத்தைக் கையாளுகிற உக்கிராணக்காரனிடம் கணக்குக் கேட்பது நியாயமே. ஆகவே மாநிலங்கள் மாதந்தோறும் சில குடும்பங்களின் கோப்புகளைத் தெரிந்தெடுத்துச் சரிபார்க்கின்றன. அவற்றில் ஒரு பகுதியை மத்திய அதிகாரிகள் மறுபடியும் சோதிக்கிறார்கள். கூட்டிக் கொடுத்ததும் குறைத்துக் கொடுத்ததும் சேர்ந்து, 2024-ஆம் நிதியாண்டில் பிழை விகிதம் 10.93 விழுக்காடாக இருந்தது. இதை மோசடியின் அளவு என்று எண்ணிவிடலாகாது. அலுவலரின் தவறும், குடும்பத்தார் அறியாமல் செய்த தவறும் இதில் அடங்கும்.

தராசு வேண்டும், ஆனால் தராசையே சாய்த்துவிடும் சோதனையும் மனிதருக்கு வருகிறது. பிழையைக் குறைத்த மாநிலங்களுக்கு ஊக்கத்தொகை வழங்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் பிழை விகிதத்தைக் குறைத்துக் காட்டியதாக விஸ்கான்சின், வர்ஜீனியா மாநிலத் துறைகள்மேல் குற்றச்சாட்டு எழுந்தது. அதைத் தீர்த்துக்கொள்ள 2017-இல் அவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 லட்சம் டாலர் செலுத்தின.

இப்போது ஊக்கத்தொகைக்குப் பதிலாகத் தண்டனை வருகிறது. 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2028-ஆம் நிதியாண்டு முதல், பிழை 6 விழுக்காட்டை எட்டும் மாநிலங்கள் உதவித்தொகையில் 5 முதல் 15 விழுக்காடு வரை தாங்களே ஏற்க வேண்டும். பிழை மிக அதிகமுள்ள சில மாநிலங்களுக்கு மட்டும் அவகாசம் உண்டு.

என் மனதை வருத்துவது இதுவே: தகுதியிருந்தும் திருப்பியனுப்பப்பட்டவர் இந்தத் தண்டனைக் கணக்கில் வருவதில்லை. தவறான மறுப்பைச் சோதிக்கத் தனிமுறை உண்டு. ஆனால் அதன் முடிவு மாநிலத்தின் கருவூலத்தைத் தொடாது. விண்ணப்பத்தை 30 நாட்களுக்குள், மிகுந்த வறுமையில் உள்ளவர்க்கு 7 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தாமதமும் இந்த விகிதத்தில் சேராது.

அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் ஊழியரை எண்ணிப் பாருங்கள். வாரத்துக்கு வாரம் கூலி மாறும் ஒரு தாய் அவர்முன் நிற்கிறாள். தவறாகக் கொடுத்தால் மாநிலத்துக்கு நட்டம். தவறாக மறுத்தால் நட்டம் அந்தத் தாய்க்கு மட்டும். இன்னொரு சான்றிதழ் கொண்டுவா என்று சொல்லி அனுப்புவது அவருக்கு எவ்வளவு எளிது! கடினமனம் இல்லாதவரையும் இந்த ஏற்பாடு அவ்வழியே நடத்திவிடும்.

ஆகையால் மேற்பார்வையைத் தளர்த்தும்படி நான் கேட்கவில்லை. அதை முழுமையாக்க வேண்டும் என்கிறேன். அநியாயமான மறுப்புக்கும் தாமதத்துக்கும், தவறான தொகைக்கு உள்ள அதே எடை கொடுக்கப்பட வேண்டும். கொடுத்ததை மட்டும் எண்ணுகிற கணக்கு பாதிக் கணக்கே.

நம் சபைகளுக்கும் இது பொருந்தும். தர்மப்பணத்தின் வரவு செலவை ஆண்டுதோறும் வாசிக்கிறோம். கேட்டும் பெறாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று நாம் எப்போதாவது வாசித்ததுண்டா? இந்த வாரம் உங்கள் சபை மூப்பரிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். விதவையின் முறையீட்டைத் தள்ளாத தேவன், அதைக் கேட்கும் செவியை நமக்கும் தந்தருள்வாராக. ஆமென்.