ஒரே மீன், இரண்டு ஆறுகள்

நுவரெலியா பக்கம் ட்ரவுட் என்றாலே துரைமார் ஞாபகம்தான் வரும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், வெள்ளைக்காரத் துரைமார் தூண்டில் போட்டுப் பொழுதுபோக்குவதற்காக நம்ம மலை ஓடைகளில் கொண்டுவந்து விட்ட மீன் அது. முதலில் பழுப்பு ட்ரவுட், பிறகு வானவில் ட்ரவுட். ஹோட்டன் சமவெளிக் குளிரில் வானவில் ட்ரவுட் நல்லாவே ஊன்றிக்கொண்டது.

இந்த வானவில் ட்ரவுட்டேதான் அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் ஸ்டீல்ஹெட் என்று பெயர் வாங்கியிருக்கிறது. இனம் ஒன்றுதான், வாழ்க்கைதான் வேற. ஸ்டீல்ஹெட் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மறுபடி ஆற்றுக்கு வரும். பசிபிக் சாமன் மீன்கள் முட்டையிட்டதும் செத்துப்போகும். ஸ்டீல்ஹெட் சாக வேண்டியதில்லை. கடலுக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு இன்னொரு தடவையும் வர அதனால் முடியும்.

முடியும், ஆனா விடுவதில்லை. முட்டையிட்டு எலும்பும் தோலுமாகத் திரும்பும் மீன், கொலம்பியாவின் அணைகளைத் தாண்ட வேண்டும். யாகிமா என்ற கிளையாற்றிலிருந்து கடலுக்குப் போக மட்டும் 4 பெரிய அணைகள். பெரும்பாலானவை கடலைப் பார்ப்பதே இல்லை.

அங்கேதான் யாகமா பழங்குடி மக்கள் ஒரு வேலை செய்கிறார்கள். மெலிந்து கீழே வரும் தாய் மீன்களைப் பிடித்து, தொட்டியில் விட்டு, ஒட்டுண்ணிகளுக்கு மருந்து கொடுத்து, கிரில் போன்ற தீனி போட்டுத் தேற்றுகிறார்கள். இலையுதிர் காலத்தில், மற்ற ஸ்டீல்ஹெட்டுகள் கடலிலிருந்து ஏறி வரும் நேரம் பார்த்து, ஆற்றில் விடுகிறார்கள். எல்லாம் பிழைப்பதில்லை. பிழைத்தவை மறுபடி முட்டையிடப் போகின்றன. பொதுவாக மீன் வளர்ப்பு என்றால் குஞ்சைப் பற்றித்தான் பேச்சு. இவர்கள் பெத்தவளையும் பார்க்கிறார்கள்.

இதைக் கேட்டதும் "அட, நம்ம ட்ரவுட்டுக்கும் இப்படிச் செய்யலாமே" என்று தோன்றலாம். வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து.

ஹோட்டன் சமவெளி ஓடைகளில் ஒரு சின்ன இறால் இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. அதற்கு இருக்கும் ஆபத்துகளில் ட்ரவுட்டும் ஒன்று என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கொலம்பியாவில் ஸ்டீல்ஹெட்டைக் காப்பாற்றினால் ஆறு பிழைக்கும். இங்கே அதே மீனைப் பெருக்கினால் அந்த இறால் போய்விடும்.

உடனே ஒரு நக்கல் வரும், அதுவும் எங்களுக்குத் தெரியும்: "நீங்களும் வெள்ளைக்காரன் கொண்டுவந்தவங்கதானே?" இதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுவோம். மீன் அந்நியமா இல்லையா என்பது அது ஓடையில் எதைத் தின்கிறது, எதை அழிக்கிறது என்பதைப் பொறுத்த கேள்வி. மனிதரின் உரிமையை அந்தத் தராசில் வைக்க முடியாது. 1948இல் ஒரு சட்டம் போட்டு எங்கள் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கினார்கள். மிச்சமிருந்தவர்களுக்கும் வழி திறக்க 2003 வரைக்கும் ஆனது. இயற்கைப் பாதுகாப்பின் சொற்களை எடுத்து யாராவது மனிதர் மேல் எறிந்தால், அதை அங்கேயே நிறுத்த வேண்டும்.

அப்போ யாகமா மக்களிடம் கற்க என்ன இருக்கு? மீன் தேற்றும் வித்தையைவிட முக்கியமான ஒன்று இருக்கு. 1855இல் அவர்கள் அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் செய்தபோது பெரும் நிலத்தை இழந்தார்கள், ஆனால் வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை விடவில்லை. அந்த உரிமையைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்கு ஆற்றைப் பற்றிய முடிவுகளில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஆற்றோடு வாழ்கிறவருக்கு ஆற்றில் சொல் இருக்கு.

நமக்கு? மஸ்கெலியா ஓயாவில் மவுசாகலை, கெஹெல்கமு ஓயாவில் காசல்ரீ, தலவாக்கலையில் மேல் கொத்மலை. நாட்டுக்கே கரண்ட் போகிற தண்ணி நம்ம லயத்து வாசலைத் தாண்டித்தான் ஓடுது. கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே போய்வரும் விலாங்குக்கு அணை ஒரு சுவர். தேயிலைக்கு அடிக்கிற புல் மருந்தும் போடுகிற உரமும் மழையோடு இறங்குவது அதே ஓடையில். அதில்தான் நம்ம வீட்டுத் துணி அலசுகிறோம். ஆனால் அந்த ஓடை பற்றிய எந்தக் கூட்டத்திலும் லயத்துக்காரருக்கு நாற்காலி போட்டு நாங்கள் பார்த்ததில்லை.

தொட்டி கட்டி மீன் தேற்றுவது அணை செய்த காயத்துக்குக் கட்டுப் போடுவது மாதிரிதான். அணை இருக்கிறவரை வருசா வருசம் போட வேண்டும். காயமே படாமல் பார்ப்பது இன்னும் மலிவு. எனவே கேட்க வேண்டியதைக் கேட்போம்: ஓடைக் கரையோரம் மருந்து அடிக்காத ஒரு பட்டை விடப்பட வேண்டும். அணைக்குக் கீழே ஆறு காயாத அளவு தண்ணீர் எப்போதும் ஓட வேண்டும். ஆறு பற்றி முடிவெடுக்கும் இடத்தில் தோட்டத்து ஆட்களும் இருக்க வேண்டும்.

அதற்கு முன்னால் நாமே செய்யக்கூடியது ஒன்று: உங்கள் தோட்டத்து ஓடையில் என்னென்ன மீன் இருக்கு என்று அப்பாயியிடமும் தாத்தாவிடமும் கேட்டு எழுதி வையுங்கள். முன்னே இருந்து இப்போ இல்லாததையும் சேர்த்து எழுதுங்கள். பேர் தெரியாத மீனுக்காக யாரும் வாதாட முடியாது.